மூடியைத் திறந்தால் விழிக்குமா?

2022 ஜூலை 31 அன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் 5.19-ஆம் பதிப்பு வெளியானது. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருவது வழக்கம்தான். அதில் செய்தி ஒன்றுமில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எந்தக் கணினியிலிருந்து வெளியிட்டார் என்பதுதான் செய்தி. எம்2 சிப் பொருத்திய ஆப்பிள் மேக்புக் ஏர் அது. கடைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது மேக் ஓ.எஸ். அல்ல, லினக்ஸ். அந்தச் சிப்பில் வேறோர் இயங்குதளத்தை எப்படி ஓட்டுவது என்று விளக்கும் கையேட்டை ஆப்பிள் வெளியிட்டதே இல்லை.

டோர்வால்ட்ஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் கணினியில் உருப்படியான வேலை எதையும் தான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். கர்னலைத் தொகுத்துப் பார்த்தது, பூட் ஆகிறதா என்று பார்த்தது, கடைசியில் பதிப்புக்கு முத்திரை இட்டது, அவ்வளவுதான்.

பூட் ஆகிறதா என்று பார்ப்பது சுலபமான வேலையாகத் தெரியும். பொத்தானை அழுத்தினால் ஒன்று திரை ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டாகவே இருக்கும். ஆனால் வன்பொருளை இயக்கும், இன்னும் முதிராத ஒரு டிரைவரை நிஜமான மடிக்கணினியில் ஏற்றிப் பார்க்கிறவர்களுக்குப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. ஏதாவது தவறிப்போனால் இந்தக் கணினி பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா? கிணற்றில் இறங்குகிறவர் ஆழத்தைப் பார்ப்பதற்கு முன் கயிற்றைத்தான் பார்ப்பார். லினக்ஸ் உலகம் இந்தக் கயிற்றின் அருமையைச் சில கணினிகளைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

விண்டோஸ் என்று சொல்லிக்கொள்ளும் லினக்ஸ்

மேசைக் கணினியில் ஓர் அட்டை சரிப்படவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மடிக்கணினியில் அந்த வசதி குறைவு. பெரும்பாலானவை ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டவை. விசைப்பலகை, தொடுபலகை, கேமரா, விசிறி, பேட்டரி, மூடி மூடியிருக்கிறதா என்று காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் உணரி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சுமொழி. போதாக்குறைக்கு, பிரதான சிப்புக்குத் தெரியாமலேயே விசிறியையும் பேட்டரியையும் கவனித்துக்கொள்ளும் குட்டிக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கொண்டுவர 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. இதன்படி, மடிக்கணினியைச் செய்தவர் அதன் வன்பொருளிலேயே பதிந்த ஃபர்ம்வேருக்குள் சில அட்டவணைகளையும் சின்னச் சின்ன நிரல்களையும் எழுதி வைத்துவிடுவார். திரை வெளிச்சத்தைக் கூட்ட வேண்டுமா, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமா, இயங்குதளம் அந்த நிரலை எடுத்து ஓட்டினால் போதும்.

ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் அந்த நிரல்கள் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: பேசுவது யார்? ‘விண்டோஸ் 2015’ என்ற அடையாளச்சொல் தெரியுமா என்று கேட்டால், விண்டோஸ் 10-ஐ எதிர்பார்க்கிறது என்று பொருள். லினக்ஸ் கூசாமல் ‘தெரியும்’ என்று பதில் சொல்கிறது. ‘விண்டோஸ் 2009’, ‘விண்டோஸ் 2012’ என்று கேட்டாலும் அதே பதில்தான்.

பொய் சொல்ல ஆசைப்பட்டுச் சொல்வதில்லை. மடிக்கணினி நிறுவனம் பெரும்பாலும் விண்டோஸ் போகும் பாதையைத்தான் சோதித்துப் பார்த்திருக்கும். வேறு பதில் சொன்னால் கணினி யாருமே நடந்து பார்க்காத பாதையில் போய்விடும். ஒரு காலத்தில் ‘லினக்ஸா?’ என்ற கேள்விக்கும் கர்னல் ‘ஆம்’ என்றுதான் சொல்லிவந்தது. அதனால் கிடைத்த நன்மையைவிடக் குழப்பமே அதிகமானதால் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். சோதனையாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு; இந்த மாடலில், இந்த ஃபர்ம்வேரில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது வேறு.

தூக்கம் இதற்கு நல்ல உதாரணம். பழைய மடிக்கணினியின் மூடியை மூடினால் நினைவகத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் ஃபர்ம்வேரே அணைத்துவிடும். புதிய மாடல்கள் பலவற்றில் அப்படியில்லை. கைபேசியைப் போல அரைத்தூக்கம்தான். ஒவ்வொரு பாகத்தையும் தூங்கவைக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் தலையில். ஒரே ஒரு வைஃபை சிப் அடம்பிடித்து விழித்திருந்தாலும் போதும். இரவில் பைக்குள் வைத்த கணினியைக் காலையில் தொட்டால் சுடும், பேட்டரி காலியாகியிருக்கும். திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது. டிரைவரை எழுதியவர் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதே மாடலை வைத்திருக்கும் யாரோ ஒருவர் இரவு மூடி, காலையில் திறந்து பார்த்தால்தான் உண்டு.

கறை படிந்த கர்னல்

முதிராத டிரைவர்களை எங்கே வைப்பது? வெளியே வைத்தால் யாரும் சோதிக்கமாட்டார்கள். உள்ளே சேர்த்தால் கர்னலின் தரம் கெடும். 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 பதிப்பில் கர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதற்கு நடுவழி ஒன்றைக் கொண்டுவந்தார். ‘ஸ்டேஜிங்’ என்ற தனி அடைவு அது. வேலை செய்யும், ஆனால் இன்னும் பந்தியில் வைக்கும் பக்குவத்துக்கு வராத டிரைவர்கள் அங்கே இருக்கும்.

அங்கிருந்து ஒரு டிரைவரை ஏற்றினால் கர்னல் தன்மேல் தானே ஒரு கறையைப் பதித்துக்கொள்ளும். பதிவேட்டில் ‘சி’ என்ற எழுத்து விழும். மூல நிரலில் அந்த எழுத்தின் முழு விரிவு ‘குப்பை’ என்ற பொருள் தரும் கொச்சைச் சொல். வேடிக்கையாக இருந்தாலும் காரியத்தோடுதான் வைத்தார்கள். பிழை அறிக்கையைப் படிக்கிறவர் முதலில் அந்தக் கறையைத்தான் தேடுவார். கறை இருந்தால் கோளாறு கர்னலின் மையத்தில் இருக்கிறதா, விருந்தாளியாக வந்த டிரைவரில் இருக்கிறதா என்ற சந்தேகத்தோடு மேற்கொண்டு படிப்பார்.

இப்படிச் சோதிப்பவரின் மேசையில் சில பொருள்களை எப்போதும் பார்க்கலாம். முதலாவது, அன்றாட வேலைக்குப் பயன்படாத ஒரு மடிக்கணினி. அடுத்தது, எதுவும் நடக்காவிட்டாலும் பூட் செய்து உள்ளே போக உதவும் யூ.எஸ்.பி. பென்டிரைவ். பூட் பட்டியலில் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பழைய கர்னல் அழிக்கப்படாமல் இருக்கும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது ஒரு கோப்பு: எந்தக் கர்னல், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு, எதைச் செய்தபோது என்ன ஆனது. ‘தொடுபலகை வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘பூட் ஆனதும் வேலை செய்கிறது, ஒருமுறை தூங்கி எழுந்தபின் இரண்டு விரல் நகர்த்தல் மட்டும் நின்றுபோகிறது’ என்று எழுதினால், டிரைவரை எழுதியவர் சந்தேகப்பட வேண்டிய வரிகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

போன பதிப்பில் வேலை செய்தது இந்தப் பதிப்பில் செய்யவில்லை என்றால் கணக்கு கைகொடுக்கும். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. சரியாக நடுவில் இருக்கும் மாற்றம்வரை கர்னலைத் தொகுத்துப் பூட் செய்ய வேண்டும். கோளாறு இருந்தால் குற்றவாளி முதல் பாதியில், இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். இரண்டை 14 முறை பெருக்கினால் 16,384. ஆகவே அதிகம் போனால் 14 முறை பூட் செய்து பார்ப்பதற்குள் ஒரே ஒரு மாற்றம் தனியாகச் சிக்கிவிடும். ‘கிட்’ என்ற நிரல்காப்பு மென்பொருளில் ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இந்தப் பாதியாக்கலைத் தானே நடத்திக்கொடுக்கும். சோதனையாளர் ஒவ்வொரு முறையும் ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று சொல்ல வேண்டியதுதான்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று முறைக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால், அது தலைகாட்டாத நேரத்தில் அவசரப்பட்டு ‘நல்லது’ என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. அந்த ஒரு தவறான விடை தேடலை முழுக்கத் தவறான பாதிக்குத் திருப்பிவிடும். மீதி பத்து பூட்டும் வீண்.

திரும்பி வராத கணினிகள்

இதுவரை சொன்னதெல்லாம் திரும்பி வரக்கூடிய தவறுகள். 2008 செப்டம்பரில் கதை வேறு மாதிரி போனது.

2.6.27 பதிப்பின் முன்னோட்டக் கர்னலைச் சோதித்துக்கொண்டிருந்த சிலருக்குக் கம்பிவழி வலையிணைப்பு திடீரென்று செத்துப்போனது. பழைய கர்னலுக்குத் திரும்பிப் பார்த்தார்கள், வரவில்லை. வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. இன்டெலின் வலையிணைப்புச் சிப் தன் முகவரியையும் அமைப்புகளையும் எழுதி வைத்திருக்கும் நிலைநினைவகமே சிதைந்திருந்தது. அந்தச் சிப்பை இயக்கும் ‘இ1000இ’ டிரைவர்மேல்தான் எல்லோருடைய சந்தேகமும் விழுந்தது. முன்னோட்டக் கர்னலை வைத்துச் சோதனைப் பதிப்புகளை வெளியிட்டிருந்த லினக்ஸ் வழங்கல்கள் அவசரமாக அந்த டிரைவரை முடக்கின.

உண்மையான குற்றவாளி அந்த டிரைவர் இல்லை. வலையிணைப்புக்குச் சம்பந்தமே இல்லாத ‘எஃப்டிரேஸ்’ என்ற கண்காணிப்புக் கருவி. கர்னலுக்குள் எந்தச் செயல்கூறு எப்போது ஓடுகிறது என்று பார்ப்பதற்காக அது ஒவ்வொரு செயல்கூறின் தொடக்க முகவரியையும் குறித்து வைத்துக்கொள்ளும். பின்னால் அந்த இடத்துக்குப் போய் நிரலில் சின்னத் திருத்தம் செய்யும். சில செயல்கூறுகள் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே தேவைப்படுபவை. வேலை முடிந்ததும் கர்னல் அவற்றின் இடத்தைக் காலிசெய்து வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். எஃப்டிரேஸ் கையில் இருந்ததோ பழைய விலாசம். அது போய்ச் சேர்ந்த இடத்தில் இப்போது குடியிருந்தது வலையிணைப்புச் சிப்பின் நிலைநினைவகம்.

எஃப்டிரேஸும் பொறுப்பில்லாமல் எழுதவில்லை. ‘நான் எதிர்பார்க்கும் மதிப்பு அங்கே இருந்தால் மட்டும் மாற்று’ என்ற கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. எதிர்பார்த்த மதிப்பு இல்லை. மாற்றம் நடந்திருக்கக் கூடாது. ஆனால் எக்ஸ்86 சிப்களில் அந்தக் கட்டளைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒப்பிட்டுத் தோற்றாலும், படித்த பழைய மதிப்பையே திரும்ப அந்த இடத்தில் எழுதிவைக்கும். சாதாரண நினைவகத்தில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஒரு சாதனத்தின் கட்டுப்பாட்டு முகவரியிலோ எழுதுவதே ஒரு ஆணை. குடிமாறிப்போனவரின் பழைய விலாசத்துக்கு வந்த தபால்காரர், யாரும் இல்லையே என்று கடிதத்தை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுப் போனது போல. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 9 அன்று வெளியான 2.6.27 இறுதிப் பதிப்பில் இ1000இ டிரைவர் நிலைநினைவகத்துக்குப் பூட்டு போட்டது. அடுத்து வந்த 2.6.27.1 திருத்தப் பதிப்பில் எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை அணைத்து வைத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது இதைவிட விசித்திரம். 2013 ஜனவரியில் சில சாம்சங் மடிக்கணினிகளில் லினக்ஸை ஏற்றியதும் கணினி ஒரேயடியாக உயிரை விட்டது. திரை வரவில்லை, ஃபர்ம்வேர் அமைப்புப் பக்கம்கூட வரவில்லை. சாம்சங் மாடல்களுக்கென்று எழுதிய டிரைவர், புதுவகை யூ.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேரில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக் கர்னலைக் கவிழ்த்தது உண்மைதான். ஆனால் கவிழ்ந்த கர்னல் அதோடு நிற்கவில்லை. ஏன் விழுந்தோம் என்று அடுத்த பூட்டில் தெரிந்துகொள்வதற்காகத் தன் கடைசி வார்த்தைகளை ஃபர்ம்வேரின் சேமிப்பிடத்தில் எழுதி வைத்தது. சோதனைக்கு உதவ வேண்டும் என்றே சேர்க்கப்பட்ட வசதி அது. அந்த ஃபர்ம்வேரோ சேமிப்பிடம் ஓரளவுக்கு மேல் நிரம்பினால் பூட் ஆகவே மறுக்கும் கோளாறோடு பிறந்தது.

கர்னல் நிபுணர் மேத்யூ காரெட் இதை உறுதிசெய்த விதம் அழகு. லினக்ஸைத் தொடாமல், விண்டோஸிலிருந்தே அந்தச் சேமிப்பிடத்தை நிரப்பி ஒரு சாம்சங் மடிக்கணினியைச் சாகடித்துக் காட்டினார். பழி ஒரு பக்கம் இருக்கட்டும், இனி இப்படி நடக்கக் கூடாதே. சந்தேகம் இருந்தால் சேமிப்பிடத்தில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை என்ற தற்காப்பு கர்னலுக்குள் வந்தது.

திரை டிரைவரையே சோதிக்கும்போது பிழைச்செய்தி எந்தத் திரையில் தெரியும் என்ற பழைய சிக்கலுக்கும் இப்போது வேறொரு வழி பிறந்திருக்கிறது. 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பிலிருந்து, கவிழும் கர்னல் தன் பதிவேட்டைக் க்யூ.ஆர். குறியீடாகத் திரையில் காட்ட முடியும். சோதனையாளர் கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தால் போதும். எதன் சேமிப்பிடத்திலும் எதையும் எழுத வேண்டியதில்லை.

நோட்டைக் காட்டாத சமையல்காரர்

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்பான எம்1-ஐ அறிமுகம் செய்தது. அதையடுத்து ஹெக்டர் மார்டின் என்ற நிரலாளர் பொதுமக்களின் நன்கொடையோடு ‘அசாஹி லினக்ஸ்’ திட்டத்தை அறிவித்தார். ஜப்பானிய மொழியில் அசாஹி என்றால் உதிக்கும் சூரியன். மேக் கணினிக்குப் பெயர் தந்த மெக்கின்டாஷ் வகை ஆப்பிளையும் ஜப்பானில் அசாஹி என்றுதான் சொல்வார்கள்.

கையேடு இல்லாத சிப்பில் இறங்க அவர்கள் துணிந்ததற்குக் காரணம், கயிறு உறுதியாக இருந்தது. ஆப்பிள் இந்த மேக்குகளில் வெளியார் எழுதிய கர்னலைப் பூட் செய்ய வேண்டுமென்றே கதவு திறந்து வைத்திருந்தது. பாதுகாப்பு விதிகள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி. லினக்ஸுக்காகத் தளர்த்தினாலும் பக்கத்தில் இருக்கும் மேக் ஓ.எஸ்-இன் பூட்டு தளராது. எல்லாம் குட்டிச்சுவராகிப் போனாலும் இன்னொரு மேக்கை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து முழுக் கணினியையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். முதலில் ஓடும் பூட் நிரல் சிப்பிலேயே அழியாமல் பதிக்கப்பட்டிருப்பதால் மென்பொருளால் அதைக் கெடுக்க வழியில்லை.

வேலை ஒரு கேபிளில் ஆரம்பித்தது. யூ.எஸ்.பி.-சி துளைக்கு ஒரு குறிப்பிட்ட ரகசியச் செய்தியை அனுப்பினால், அதன் ஊசிகளில் சில சீரியல் தொடர்பாக மாறிவிடும். திரை, விசைப்பலகை எதுவும் உயிர்பெறாத நிலையிலும் கணினி உள்ளிருந்து எழுத்துகளை அனுப்பும். அதன்மேல் ‘எம்1என்1’ என்ற சிறிய பூட் நிரலை எழுதினார்கள். பக்கத்துக் கணினியில் பைத்தானில் ஒரு வரி தட்டினால், மேக்கின் சிப்பில் குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண் போய் விழும். என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கணினி உறைந்து நின்றால் அணைத்துவிட்டு மறுபடி. ஒரு நாளில் நூறு முறை பூட் செய்வதெல்லாம் அங்கே சாதாரணம்.

எண்களைக் கண்மூடித்தனமாகப் போட்டுப் பார்த்தால் யுகக்கணக்காகும். அதனால் எம்1என்1-ஐயே மெய்நிகர்க் கூடாரமாக வளர்த்து, அதற்குள் மேக் ஓ.எஸ்-ஐ ஓடவிட்டார்கள். மேக் ஓ.எஸ். வன்பொருளோடு பேசும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். கைப்பக்குவத்தைச் சொல்லாத சமையல்காரரின் பக்கத்தில் நின்று, எந்த டப்பாவை எப்போது திறக்கிறார், எத்தனை கரண்டி எடுக்கிறார் என்று எண்ணுவது மாதிரி. அவர் நோட்டைத் திருடிப் படிக்கவில்லை. ஆப்பிளின் நிரலைப் பிரித்து நகலெடுக்கும் வேலையைத் தவிர்த்ததால் சட்டச் சிக்கலும் விலகி நின்றது. 2021 ஜூனில் வெளியான 5.13 பதிப்பிலேயே எம்1-க்கான அடிப்படை ஆதரவு பிரதான கர்னலில் சேர்ந்துவிட்டது. 2022 மார்ச்சில் எவரும் நிறுவிப் பார்க்கும்படி அசாஹியின் ஆல்ஃபா பதிப்பு வந்தது.

ஆல்ஃபா என்றால் ஆல்ஃபாதான். படங்களை வரையும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு இன்னும் டிரைவர் இல்லை, எல்லாப் பாரமும் பிரதான சிப்பின் தலையில். எதிர்பாராத இடங்களிலிருந்தும் கோளாறுகள் கிளம்பின. நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொடுப்பது இயங்குதளங்களின் வழக்கம். பக்கத்தின் அளவு 4 கிலோபைட் என்றே பல மென்பொருள்கள் நெடுங்காலமாக நம்பி வந்தன. ஆப்பிளின் சிப் 16 கிலோபைட் பக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டது. லினக்ஸும் அப்படியே மாறியதும், வன்பொருளோடு நேரடித் தொடர்பே இல்லாத பிரவுசர்கள் தடுமாறின. எங்கோ ஒரு நிரலாளர் பல ஆண்டுகளுக்கு முன் ‘4096’ என்று தட்டிவிட்டுப் போன இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

கிராஃபிக்ஸ் சிப்பின் கதை தனி. அசாஹி குழுவின் அலிசா ரோசன்ஸ்வைக் 2021 ஜனவரியில் அதைக்கொண்டு தன் சொந்த நிரலால் ஒரு முக்கோணத்தை வரையவைத்தார். கிராஃபிக்ஸ் உலகில் முதல் முக்கோணம் என்பது குழந்தையின் முதல் அடி. கர்னலுக்குள் இருக்க வேண்டிய பாதியை அசாஹி லினா என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் ரஸ்ட் மொழியில் எழுதினார். 2022 டிசம்பரில் அது பொதுமக்களிடம் வந்தது. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் விதிமுறையின் 4.6 பதிப்புக்குத் தரச்சான்று கிடைத்தது. இதே கணினியில் ஆப்பிளின் சொந்த ஓப்பன்ஜிஎல் 4.1-உடன் நின்றுவிட்டது. சான்று பெற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தாண்ட வேண்டும். கண்ணுக்குப் படம் சரியாகத் தெரிகிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது. ஒரு பின்னத்தைச் சுழிக்கு அருகில் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதுவரை கணக்குக் கேட்பார்கள்.

கயிறு எட்டாத இடம்

கணினியை எந்த நிலையிலிருந்தும் மீட்டுவிடலாம் என்று தெரிந்திருந்தும் ஒரே ஒரு பாகத்தை மட்டும் அசாஹி குழு நீண்ட நாள் அணைத்தே வைத்திருந்தது. அது ஒலிபெருக்கி.

ஆவணம் இல்லாதது இங்கே பெரிய தடை இல்லை. இது பௌதிகத்தின் சிக்கல். மடிக்கணினி ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் மிகச் சிறியது. தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி குறைவு. ஆனால் இசையில் உச்சம் கணநேரம்தான் வரும். சுருள் சூடாக அதைவிடச் சற்று நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, சுருள் தாங்குவதைவிடப் பல மடங்கு சக்தியைக் கணநேரத்துக்குப் பாய்ச்சும் ஆம்ப்ளிஃபையரை மேக்கில் வைத்திருக்கிறார்கள். விரல் மொத்தக் கணினியிலிருந்து அவ்வளவு கனமான ஒலி வருவதன் ரகசியம் அதுதான். கூடவே மேக் ஓ.எஸ். ஒவ்வொரு கணமும் சுருளின் சூட்டைக் கணக்கிட்டு, எல்லை நெருங்கினால் ஒலியைத் தணிக்கும்.

அந்தக் காவலாளி இல்லாமல் லினக்ஸில் முழுச் சத்தத்தில் ஒரு பாட்டைப் போட்டால், சுருள் எரிந்துபோகலாம். எந்தக் கேபிளாலும் அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப முடியாது.

எனவே காவலாளியை முதலில் எழுதினார்கள். ‘ஸ்பீக்கர்சேஃப்டிடி’ என்பது அதன் பெயர். ஆம்ப்ளிஃபையர் சிப் தன்னிடமிருந்து சுருளுக்குப் போகும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து திருப்பிச் சொல்லும். இரண்டையும் பெருக்கினால் சக்தி. அந்தச் சக்தியில் சுருள் எவ்வளவு வேகமாகச் சூடாகும், அந்தச் சூடு பின்னால் இருக்கும் காந்தத்துக்கு எவ்வளவு மெதுவாக இறங்கும் என்று மாதிரிக் கணக்கொன்றை ஓட்டிக்கொண்டே இருக்கும். எல்லை நெருங்கினால் ஒலியைக் குறைக்கும். கணக்கிலுள்ள எண்கள் மாடலுக்கு மாடல் வேறு. சோதித்து எண்களை உறுதிசெய்யாத மாடலில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது.

காவலாளியே செத்துப்போனால்? அதற்கும் யோசித்திருந்தார்கள். காவலாளி உயிரோடு இருக்கிறதா என்று கர்னல் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்று தெரிந்தால், எப்படிப்பட்ட பாட்டைப் போட்டாலும் சுருளுக்கு ஆபத்து வராத அளவுக்கு ஒலியைத் தானே இறக்கிவிடும். இவ்வளவும் ஆனபிறகுதான், முதல் ஆல்ஃபா வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, பெரும்பாலான மாடல்களில் ஒலிபெருக்கி வாய் திறந்தது. மற்ற டிரைவர்களை எழுதியபோது, முதலில் ஓடவைத்துவிட்டுப் பிறகு கோளாறுகளைத் திருத்தினார்கள். இங்கே அந்த வரிசை தலைகீழ்.

2023 டிசம்பரில் ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் வெளியாகி, திட்டம் ஓர் ஒழுங்கான வழங்கலாக உருவெடுத்தது. 2025 பிப்ரவரியில் ஹெக்டர் மார்டின் விலகினார். மற்றவர்கள் கூட்டுப் பொறுப்பில் அதை நடத்திச் செல்கிறார்கள். விரல்ரேகை உணரி இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. புதுச் சிப் ஒன்று வரும்போதெல்லாம் சில பாகங்கள் பழையபடியே இருக்கும், சில மாறியிருக்கும். எது எது என்று ஆப்பிள் சொல்லாது.

கர்னலின் முன்னோட்டப் பதிப்புகள் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வருகின்றன. உலகின் எந்த மூலையிலோ ஒரு சோதனையாளர் அன்றிரவு அதைத் தொகுத்து, பழைய கர்னல் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்து, பேட்டரி 84 விழுக்காடு என்று குறித்துக்கொண்டு மடிக்கணினியின் மூடியை மூடுகிறார். காலையில் மூடியைத் திறக்கிறார். திரை உடனே ஒளிர்கிறது. பேட்டரி 82. இரவு முழுவதும் இரண்டே விழுக்காடுதான் போயிருக்கிறது, நல்ல தூக்கம். திருப்தியோடு தொடுபலகையில் விரலை வைக்கிறார். சுட்டி நகரவில்லை. இன்னொரு விரலையும் வைத்துப் பார்க்கிறார். அதற்கும் அசையவில்லை. காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து, பைசெக்ட் கட்டளையைத் தட்டி முதல் விடையை எழுதுகிறார்: கெட்டது.